ஒரு காது மட்டும் குத்திய நாள்

டீச்சரம்மாவுக்கு வணக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம் ஆனதென்று, அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர்களின் ஞாபகங்களைச் சேகரிக்க பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மாமாவிடம் பேசி முடித்து, "நீங்க ஏதும் சொல்லுதீங்களாம்மா?" என்று என்னையும் கேட்டீர்கள். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். சொல்ல ஒன்று இருந்தது. அதை எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. நாடு இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாப் பக்கம் பட்டாளத்தில் இருந்தார். மதச் சண்டையில் ஊரை விட்டு ஓடுகிறவர்களுக்குக் காவல் போகிற வேலை என்று கடுதாசியில் ஒரு வரி எழுதியிருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டில் அப்போது பெரிய கவலை என் தம்பியின் காதுதான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமனையோ காணோம். தம்பிக்கு ஒன்றரை வயதாகி, தெருவில் ஓடவே ஆரம்பித்துவிட்டான்.

மறு வருஷம் மாசியில் மாமா வந்து இறங்கினார். வந்த நாலாம் நாளே ஆற்றங்கரைச் சாஸ்தா கோயிலில் காதுகுத்து வைத்துவிட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தம்பியை மாமா மடியில் உட்கார்த்தினார்கள். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "பட்டாளத்துக்காரரே, இறுக்கிப் பிடியும்வே. துப்பாக்கி மாதிரி சும்மா கெடக்காது, துள்ளும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

வலது காதில் ஊசி இறங்கியதும் தம்பி வீறிட்டான். அந்தச் சத்தம் பாதியில் அறுந்தது. மாமாவின் கை அவன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தது. அழுகையை அமர்த்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் மாமா தம்பியைப் பார்க்கவே இல்லை. அவனை நெஞ்சோடு அழுத்திக் குனிந்துகொண்டு, கோயிலுக்கு வரும் வண்டிப்பாதையையே பார்த்தார். 'சுப், சுப்' என்று, சத்தம் காட்டாதே என்பது போல, ஏதோ வடக்கத்திப் பாஷையில் வாய்க்குள் சொன்னார். தம்பியின் கால்கள் உதைத்தன. பிறகு உதைக்கவில்லை.

"ஏலே, விடுலே! பிள்ளையக் கொன்னுட்டியேலே பாவி!" என்று அம்மா அவர் முகத்தில் அறைந்தாள். பொத்திய கை நகரவில்லை. அப்பாவும் ஆசாரியும் விரல் விரலாகப் பிரித்தார்கள். தம்பியின் உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. அப்பா அவனைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டத் தட்ட, ஒரு மூச்சை இழுத்து அழுதான்.

மாமா பைய நிமிர்ந்து, "எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாருவே போவணும்? இன்னும் பந்தியே போடல!" என்று அப்பா கத்தினார்.

ஒரு காதோடு வீட்டுக்கு வந்தோம். மற்றக் காதை எட்டு நாள் கழித்து, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்துக் குத்தினார்கள். சொந்தத் தாய்மாமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு மாமா தலை தெரிந்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடிக் கதவைச் சாத்துவது என் வேலை. யாரும் ஏவாமல் நானே எடுத்துக்கொண்டது. ஒருநாள் கதவிடுக்கு வழியாகப் பனங்கற்கண்டை நீட்டினார். "நீங்க பிள்ளையக் கொல்லுத ஆளு, போங்க" என்றேன். போய்விட்டார். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

கலியாணம் காட்சி இல்லாமலே இருந்த மாமா கடைசியில் என் வீட்டுக்குத்தான் வந்தார். சோறு போட்டேன். ஆனால் என் பேரப்பிள்ளைகளை அவர் பக்கத்தில் விட்டதில்லை.

நீங்கள் டேப்பைப் போட்டு வைத்துப் பேசிய அன்று, காப்பியோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். மாமா சொல்லிக்கொண்டிருந்தார்: "கரும்புக் காட்டுக்குள்ள சனங்கள ஒளிச்சு வச்சிருந்தோம். ரோட்டுல வாளும் ஈட்டியுமா ஒரு கூட்டம் போவுது. நாங்க ஆறு பேருதான். ஒரு கைப்பிள்ளை அழ ஆரம்பிச்சுட்டு. தாய்க்காரியால பொத்த முடியல. பிள்ளைய எங்கிட்ட நீட்டுதா. நான் பொத்தினேன்."

"அப்புறம்?" என்று கேட்டீர்கள். என் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. அது உருண்டு ஓய்வதற்குள் மாமா பதில் சொல்லி முடித்துவிட்டார். நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். ஆடியில் மாமா போய்ச் சேர்ந்தார். அதுவரை அவரிடம் கேட்க எனக்கு வாய் எழவில்லை.

அன்று கோயிலில் அவர் யார் போவதற்காகக் காத்திருந்தார் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. ஐம்பது வருஷமாகத் தெரியாது.

மாசியா பங்குனியா, ஆறு பேரா ஏழு பேரா என்பதையெல்லாம் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். டேப்பில் டம்ளர் விழுகிற சத்தம் கேட்கும். அதற்கு அடுத்து மாமா என்ன சொல்கிறார்? அந்தப் பிள்ளை பிறகு அழுததா?