கடவில் பாத்திரம் கழுவக் கூடாதாம்

1. போர்டு

ஒரு திங்கட்கிழமை காலையில் ஏரிக்கரைக் கடவுக்கு இறங்கினால் அங்கே ஒரு போர்டு நட்டிருந்தது. மேலே மலையாளம், கீழே இங்கிலீஷ். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாரும் பேசுவது தமிழ். எங்களை விரட்டுவதற்கென்றே வைத்த போர்டு, ஆனால் எங்கள் பாஷையில் ஒரு எழுத்து கிடையாது. அந்தப் பக்கமாகப் போன ஜீப் டிரைவர்தான் வண்டியை நிறுத்தி வாசித்துச் சொன்னார். கெஸ்ட்டுகளுக்கு மட்டும். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, மீன் பிடிப்பது கூடாது.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் இடுப்பில் பாத்திரக் கூடையோடு நின்றாள். "மூணையும் சேத்துப் போட்டவன் குளிக்கிறத மறந்துட்டான் பாரு மதினி. நீ போய் ஞாபகப்படுத்து" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்டு வைத்த ரிசார்ட்டில்தான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தோடு வருகிற கெஸ்ட்டுகளைக் கரையில் உட்காரவைத்து மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

நான் நாலாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள். நாலு பேர் நடுவில் பேச வராது. பேச வராததால் எழுதுகிறேன். எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகள் பல பேர் இப்போது ரிசார்ட் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வாசிக்கட்டும். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன். அது தணிகிற மாதிரி தெரியவில்லை.

2. கால்விரல் தூண்டில்

கேரளாவில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவள் நான். மகன் அதே எஸ்டேட் ஃபேக்டரியில் இருப்பதால் லயத்து வீடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. லயத்துக்குக் கீழே எஸ்டேட் ஏரி. தேயிலைச் சரிவு ஏரியில் முடிகிற இடத்தில் நாலைந்து பாறைகள் படி மாதிரி கிடக்கும். அதுதான் எங்கள் கடவு. லயத்துப் பைப்பில் மழைக்காலத்தில் கலங்கல் வரும், வெயில் காலத்தில் காற்று வரும். ஆகவே பாத்திரம், துணி, குளியல் எல்லாம் கடவில்தான்.

பாத்திரம் கழுவும்போதே நாங்கள் மீனும் பிடிப்போம். தங்கூசி என்கிற நைலான் நரம்பில் தூண்டில் முள்ளைக் கட்டி, ஒரு சோற்று உருண்டையைக் குத்தித் தண்ணீரில் போடுவோம். மறு நுனியைக் கால் கட்டைவிரலில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வோம். முடிச்சுப் போட மாட்டோம். பெரிய மீன் இழுத்தால் அதுவாகக் கழன்றுவிட வேண்டும். கை இரண்டும் பாத்திரத்தில் இருக்கும். விரல் சுண்டினால் காலை வெடுக்கென்று இழுத்து, பிறகு கையால் வாங்குவோம். வழித்துக் கொட்டிய பழைய சோற்றுக்கும் கப்பைக் கிழங்குத் தோலுக்கும் ஜிலேபி மீன் கூட்டமாக வந்து நிற்கும். கழுவி முடிக்கும்போது ராத்திரிக் குழம்புக்கு ஆகிவிடும்.

ஏரிக்கரையை எஸ்டேட் கம்பெனி ஒரு ரிசார்ட்டுக்குக் குத்தகைக்கு விட்டது. ரிசார்ட் மேனேஜர் ரெஜி சார் முதல் தடவை கரையைப் பார்க்க வந்தபோது நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். விரலில் மீன் துள்ளியதைப் பார்த்து அவர் கைதட்டினார்.

"சேச்சி, இது கொள்ளாமே. கெஸ்ட்டுக்குப் படிப்பிச்சுக் கொடுக்காமோ?"

இது நன்றாக இருக்கிறதே, கெஸ்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். புஷ்பம்தான், "கொடுப்பாக சார். சம்பளத்த மட்டும் விரல்ல கட்டி விட்றாதீக" என்றாள். அப்படித்தான் வேலை கிடைத்தது.

3. குடும்பங்கள்

வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இவற்றை மனதில் வையுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முள்ளில் பின்னால் திரும்பியிருக்கும் சின்ன முள்ளை கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட வேண்டும். கையில் ஏறினாலும் சுலபமாக எடுத்துவிடலாம். லைஃப் ஜாக்கெட் பெல்ட்டை நீங்களே இழுத்துப் பாருங்கள், அப்பா அம்மா மாட்டியதை நம்பாதீர்கள். தூண்டில் ராடு வீசுகிறவர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஜிலேபியின் முதுகு முள் குத்தும். கையை நனைத்துக்கொண்டு தலையிலிருந்து வாலைப் பார்க்கத் தடவினால் முள் படிந்துவிடும்.

பெரியவர்களுக்கு ராடும் ரீலும் கொடுப்போம். பிள்ளைகள் விரலில் கட்டத்தான் கேட்பார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு அப்பா ராடை வீசி வீசி மரத்தில் மாட்டிக்கொண்டே இருந்தார். அவர் மகள் கால்விரலில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் அசையாமல் இருந்தாள். "அப்பா பறவை பிடிக்கிறாரு பாட்டி, நாம மீன் பிடிப்போம்" என்றாள். அவளுக்கு ஒன்று மாட்டியது. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் இலைதான்.

பிள்ளைகளுக்கு இது இவ்வளவு பிடித்துப்போனதால் ரிசார்ட்டில் பெரிய படம் அடித்து ஒட்டினார்கள். ஒரு காலும், விரலில் சுற்றிய நூலும். படத்தில் இருந்தது என் கால். நூல் தெரியவில்லை என்று சிவப்புக் கயிறு சுற்றி எடுத்தார்கள். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

4. மூட்டை

போர்டு வந்த அன்றைக்கு ரெஜி சாரிடம் போனேன். ஆபீஸ் வாசலில் நெடுநேரம் நின்ற பிறகுதான் உள்ளே போக முடிந்தது.

"சேச்சி, நான் உங்களுக்கு எதிரி இல்ல" என்றார். "கெஸ்ட் போட்டோ எடுக்கும்போ பின்னாடி கரிப்பாத்திரம், உள்பாவாடை. ஒரு பங்கியும் இல்ல, ஒரு அழகும் இல்ல. நீங்க வாங்க, நீங்க ஸ்டாஃப். மத்தவங்க வேற எடம் பாத்துக்கட்டும்."

"வேற எடம் இல்ல சார். மேல ஓடைக்குப் போகணும். அட்டை கடிக்கும், வழுக்கும்."

"அது எஸ்டேட் காரியம். நான் என்ன செய்ய?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒரே பேச்சை எடுத்துவிட்டேன். "சார், நாங்க சோறு போடுறதாலதான் மீன் அங்க வந்து நிக்குது. எங்கள நிறுத்துனா மீனும் போயிரும். அப்புறம் உங்க கெஸ்ட் எதப் பிடிப்பாக?"

"சரி, நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம்.

லயத்தில் வந்து சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். "ரெண்டு வாரம் ஓடைக்குப் போவோம்" என்றாள் புஷ்பம். "மீனு அவனுக்கு டாட்டா காட்டட்டும். அவனே வந்து, தாயே பாத்திரத்தக் கொண்டாங்கன்னு கும்பிடுவான்."

நாங்களாகவே ஒதுங்கிக்கொண்டோம். மீன் எங்கள் பக்கம் சாட்சி சொல்லும் என்று காத்திருந்தோம்.

ரெஜி சார் பார்க்கத்தான் செய்தார். குமுளிக்கு ஆள் அனுப்பி மீன் தீவனம் ஒரு மூட்டை இறக்கினார். காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப். அதைத் தண்ணீரில் வீசுகிற வேலையையும் எனக்கே கொடுத்தார். மீன் போகவில்லை. முன்னைவிடக் கூட்டமாக வந்தது. தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். ராடைப் பிடிக்கத் தெரியாதவர்கூட மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

"கண்டோ சேச்சி" என்று ரெஜி சார் சிரித்தார். "மீனுக்கு உங்க சோறு வேண்டாம்."

ஓடைக்குப் போகிற வழியில் புஷ்பம் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிக் கிடந்தாள். அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒரு கேலியும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

5. பழைய காலம்

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈரோட்டுப் பக்கமிருந்து இரண்டு குடும்பம் வந்திருந்தது. நான் ஒரு பையனுக்கு விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். ரெஜி சார் பின்னால் நின்று கெஸ்ட்டுகளுக்கு விளக்கம் சொன்னார். எஸ்டேட் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டே இப்படித்தான் மீன் பிடிப்பார்கள் என்றார். நன்றாகத்தான் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்ததுதானே.

பையனின் அம்மா கேட்டார். "ஏனுங்க சார், இப்ப அவங்கெல்லாம் எங்கீங்க? ஒருத்தரையும் காணோம்?"

"இப்ப அப்படி யாரும் இல்ல மேடம். அதெல்லாம் பழைய காலம்."

என் கை நின்றுவிட்டது. அண்ணாந்தால் தெரிகிற தூரத்தில் லயம். புகை வருகிறது. கொடியில் புஷ்பத்தின் சேலை காய்கிறது. இந்த மனுஷன் எங்களை உயிரோடு பழைய காலமாக்கிவிட்டான். விரட்டியது போதாது என்று, இல்லவே இல்லை என்கிறான். அதையும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறான்.

"இருக்காக" என்றேன். என் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது. "மேல அந்த லயத்துல இருக்காக. இங்க வரக்கூடாதுன்னு எழுதிப் போட்டுருக்கு, அதான் வரல."

அந்த அம்மா போர்டைப் பார்த்தார், பிறகு ரெஜி சாரைப் பார்த்தார். நான் பையனின் விரலிலிருந்து நூலைக் கழற்றி அவன் அப்பா கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறினேன்.

லயத்தில் போய் நடந்ததைச் சொன்னேன். கூட்டிப் பேசவில்லை. முதல் வீட்டு வாசலில் சொன்னது கடைசி வீட்டுக்குத் தானாகப் போய்விட்டது. எட்டுப் பேர் பாத்திரத்தைத் தூக்கினார்கள். புஷ்பம் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தாள். "பழைய காலம் நொண்டிக்கிட்டு வருது, வழி விடுங்க" என்றாள்.

கெஸ்ட்டுகள் இருக்கும்போதே பாறைகளில் உட்கார்ந்தோம். ரெஜி சார் ஓடி வந்தார்.

"சேச்சி, கெஸ்ட் இருக்காங்க. தயவு செஞ்சு."

"இருக்கட்டும் சார். கடவு பெருசு."

"நீங்கதானே சொன்னது, நீங்க இல்லேன்னா மீன் வராதுன்னு? வந்ததா இல்லையா?"

"வந்துச்சு சார். நான் சொன்னது தப்பு" என்றேன். "மீன் வரட்டும், போகட்டும். எங்களுக்குத் தண்ணி வேணும். அதுக்குத்தான் வந்திருக்கோம். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு குடும்பம் முகம் சுளித்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டது. இன்னொரு குடும்பம் அங்கேயே இருந்தது. நாங்கள் கழுவி முடித்துத்தான் எழுந்தோம். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும்.

6. இப்போது

எனக்கு வேலை போனது. போகும் என்று தெரிந்துதான் அன்றைக்குக் கரையிலிருந்து மேலே ஏறினேன். கடவு இருக்கிறது. கெஸ்ட்டுகளை இப்போது ஏரியின் அந்தப் பக்கம் கூட்டிப்போகிறார்கள். ரெஜி சார் வழியில் பார்த்தால் என்னைத் தெரியாதவர் மாதிரி போகிறார். எனக்கும் அவரைத் தெரியவில்லை.

என் வேலைக்கு எங்கள் லயத்திலிருந்தே ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். போகட்டும், நல்ல வேலை. முள்ளை நசுக்குவதும் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதும் மேலே எழுதியிருக்கிறேன். அதோடு இன்னொன்றும் தெரிந்துகொள்.

எங்களால் உங்களுக்கு லாபம் என்று சொல்லி நின்ற இடத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். அந்தப் பேச்சே அவர்களுடையது. லாபம் பேசுகிறவனிடம் லாபம் பேசினால் அவன் தராசில்தான் நிறுப்பான். உனக்கு எது வேண்டுமோ, அது வேண்டும் என்று மட்டும் சொல். உன்னால் இன்ன பிரயோஜனம் என்று சொல்லி இடம் கேட்காதே. அதைவிடப் பெரிய பிரயோஜனம் ஒரு மூட்டையில் வந்து இறங்கிவிடும்.