அஷ்டமியில் வந்த ஃப்ரிட்ஜ்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கடைக்குச் சண்டை போடப் போனேன். வெறும் கையோடு இல்லை... டெம்போவில் ஒரு ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு.

சேலம் சூரமங்கலம் மெயின் ரோட்டில் மூன்று மாடி, கண்ணாடி முகப்பு, உள்ளே எஸ்கலேட்டர் என்று நின்ற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை. பேர் வேண்டாம். ஊர் ஊருக்குக் கிளை போட்ட கம்பெனி. ஒரு நடிகை வந்து ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். அன்றைக்கு ஜங்ஷன் வரைக்கும் டவுன் பஸ் நகரவில்லை.

என் டெம்போ போய் நின்றபோது, கடைப் பேரில் பாதி எழுத்தைக் கழற்றி ரோட்டோரம் சாத்தி வைத்திருந்தார்கள். வாசலில் பெரிய பேனர். 'கடை மூடும் விற்பனை - முந்துங்கள்' என்று போட்டிருந்தது. மூடுகிற நாளிலும் நம்மைத்தான் முந்தச் சொல்கிறார்கள், பாருங்கள்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சண்டை போடுகிற மும்முரம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் தங்கை சரசு எடப்பாடியில் இருக்கிறாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தறி ஓட்டுகிறார்கள். மூத்த பெண் கவிதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்று நான் ஒருத்தன்தான். இப்போதெல்லாம் தாய்மாமன் சீர் தட்டு வரிசையோடு முடிகிறதா? ஃப்ரிட்ஜ் இறங்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அதை மண்டபத்தில் இறக்கி, ரிப்பன் கட்டி, உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழமும் மஞ்சளும் வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நடந்து போகிற வழியில் நிறுத்த வேண்டும். அவர்கள் பார்க்காத மாதிரியே போவார்கள். ஆனால் அது எத்தனை லிட்டர் என்கிற விவரம் முதல் பந்தி முடிவதற்குள் கடைசி இலை வரைக்கும் போய்விடும்.

அதனால் ஒரு மாதம் முன்னாடியே தங்கையையும் கவிதாவையும் அந்தக் கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் தஸ்தகீர் பாய்.

தஸ்தகீர் பாய் கோட்டைப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தொடுகிற வயசு. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பிரிவு. மற்ற சேல்ஸ்மேன்கள் எடுத்த எடுப்பில் 'டிஜிட்டல் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் சார்' என்று ஆரம்பிப்பார்கள். இவர் அப்படி இல்லை. "ஊட்ல எத்தன பேருங்க? மாவு எத்தன நாளைக்கு அரைச்சு வெப்பீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். கையோடு ஒரு எவர்சில்வர் மாவுக் குண்டா வைத்திருப்பார். அது எந்தத் தட்டில் நுழைகிறது, எதில் இடிக்கிறது என்று வைத்துக் காட்டுவார். நான் விலை அதிகமான ஒன்றைக் காட்டியபோது, அதில் கதவிலேயே தண்ணீர் பிடிக்கிற குழாய் இருக்கிறது, இரண்டாம் மாசத்துக்கு மேல் அதை யாரும் தொடமாட்டார்கள், தண்டச் செலவு என்று அவரே தடுத்துவிட்டார். கடைக்காரர் ஒருத்தர் இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

ஒரு மணி நேரம். கவிதா கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில். கடைசியில் வைன் கலரில், கதவில் வெள்ளைப் பூ போட்ட ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனது. பாய் தன் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் மாடல் நம்பரை மணிமணியாக எழுதி என்னிடம் கொடுத்தார். தங்கை கொஞ்சம் தள்ளிப் போனதும் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"சார், இந்த மாசத்து பில்லப் பாத்துட்டுத்தான் இந்த பிராஞ்ச வெச்சுக்கறதா, மூடறதான்னு முடிவு பண்ணப் போறாங்களாம். முடிஞ்சா இன்னிக்கே போட்டுருங்க. இத விட்டா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

"நாளைக்கு வந்து போட்டுடறேன் பாய்" என்றேன்.

கீழே வந்தேன். தங்கையும் கவிதாவும் மிக்ஸி பார்க்கப் போனார்கள். நான் அந்தக் கடையின் சோபாவில் உட்கார்ந்து, அந்தக் கடையின் ஏசி காற்றில், அந்தக் கடையின் இலவச வைஃபையில், பாய் எழுதிக் கொடுத்த மாடல் நம்பரை ஆன்லைனில் தேடினேன். இரண்டாயிரம் ரூபாய் கம்மி. அழுத்திவிட்டேன்.

என்ன, முகம் சுளிக்கிறீர்களா? நீங்கள் செய்ததில்லையா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையில் பாதி சேலம் இருக்கும். சித்திரை வெயிலுக்கு ஏசியும் ஆச்சு, பிள்ளைகளுக்கு எஸ்கலேட்டரும் ஆச்சு. டிவி டிவியாக ரிமோட்டைக் குடைந்து, சேல்ஸ்மேனைக் குடைந்து, 'ஊட்ல கலந்துக்கிட்டு வாரோங்க' என்று கிளம்புவோம். யாரோடு கலந்தோம்? போனோடு.

கடைக்காரன் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் கிடையாது. பில் போடப் போனால் போன் நம்பர் கேட்பான். அப்புறம் ஆயுசுக்கும் போன் வரும். ஆடிக்கு ஆஃபர், தீபாவளிக்கு ஆஃபர், பொங்கலுக்கு ஆஃபர்... நடுவில் 'எண்ட் ஆஃப் சீசன்' என்று ஒன்று. ஃப்ரிட்ஜுக்கு ஏதப்பா சீசன்? மிக்ஸி வாங்கினால்கூட எக்ஸ்டெண்டட் வாரண்டியைத் தலையில் கட்டாமல் விடமாட்டார்கள். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட கூத்து ஒன்று உண்டு. போன வருஷம் கடைக்குள்ளேயே, அதுவும் எஸ்கலேட்டருக்கு நேராக, ஒரு போர்டு வைத்தார்கள்: 'எங்கள் ஆப்பில் வாங்கினால் கூடுதல் தள்ளுபடி.' கடைக்கு வந்தவனைக் கூப்பிட்டு, கடைக்கு வராதே என்று சொன்ன ஒரே வியாபாரி இவர்கள்தான். இந்த யோசனையைச் சொன்னவர் மேலே எங்கேயோ கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்கும். வேலை போவது மாவுக் குண்டா வைத்திருப்பவருக்கு.

சரி, என் ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். கல்யாணத்தை ஒட்டி வரும்படி தேதி போட்டிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரிக்கக் கத்தியை எடுத்தேன். என் வீட்டுக்காரம்மா கையைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அஷ்டமியாம். சீர் சாமானை அஷ்டமியில் பிரிப்பார்களா? சரி, நாளைக்கு என்றேன். நாளைக்கு நவமியாம். செவ்வாய்க்கிழமை தசமி. பத்தரை மணிக்கு நல்ல நேரம். சூடம் காட்டி, பெட்டியைப் பிரித்தால்... வெள்ளைப் பூவுக்கு நட்டநடுவில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பள்ளம்.

மறுநாள் சாயங்காலம் சீர் இறங்க வேண்டும்.

ஆப்பில் புகார் செய்தேன். சேதாரம் இருந்தால் டெலிவரியான இரண்டு நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். கெடு காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது. நான் பிரித்தது பத்தரைக்கு. அஷ்டமி நவமி கணக்கை அந்த ஆப்பில் எங்கே போய்ச் சொல்வது? 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்றது. என்ன அடித்தாலும் அதே வருத்தம். இரண்டு முறை கெட்ட வார்த்தையிலும் அடித்துப் பார்த்தேன். அதற்கும் வருந்தியது.

இதற்குள் விஷயம் எடப்பாடிக்குப் போய்விட்டது. தங்கை போனில் அழுதாள். "ஏண்ணா, மாப்ள ஊட்டுக்காரங்க முன்னால பள்ளம் விழுந்த சாமானையா வெக்கறது? நான் எம்பட மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

எனக்கு யாரையாவது திட்டியே ஆக வேண்டும் போலிருந்தது. நமக்குப் பணம் வாங்கிக்கொள்ள முகம் தேவையில்லை. திட்டுவதற்கு மட்டும் ஒரு முகம் வேண்டும். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரிட்ஜை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அதைத் தேடிப் போனேன்.

உள்ளே ஏசி இல்லை. எஸ்கலேட்டர் நின்றுபோயிருந்தது. பாதி டியூப்லைட் எரியவில்லை. வாசல் பக்கம் ஒரே ஒரு டிவி, அதில் கலர் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. தஸ்தகீர் பாய் படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீங்கள் சொல்லித்தானே இந்த மாடலை வாங்கினேன், வந்து பாருங்கள் லட்சணத்தை என்று சத்தம் போட்டேன். ஆமாம், கூசாமல் போட்டேன்.

அவர் டெம்போவில் ஏறி அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த லேபிளையும் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒண்ணுதாங்க சார். பில்லுதான் நம்மளது இல்ல" என்றார். அவ்வளவுதான். வேறு ஆளாக இருந்தால் என்னை அங்கேயே நாறடித்திருப்பார். நானாக இருந்திருந்தால் நாறடித்திருப்பேன்.

கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். யார் யாருக்கோ போன் போட்டார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இந்தக் கடையின் குடோனில் அதே மாடல், அதே கலர், பிரிக்காத பெட்டி ஒன்று மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில் அதையும் லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தார்களாம். கையோடு பில் போட்டார். ஆன்லைன் விலையைவிட மூவாயிரம் கம்மி. மூடும் விற்பனையாம். பள்ளம் விழுந்தது இப்போது எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறது. பள்ளத்தை மறைத்து வீட்டுக்காரம்மா காலண்டர் மாட்டியிருக்கிறார். அஷ்டமி, நவமியெல்லாம் சிவப்பில் போட்ட காலண்டர்.

டெலிவரி ஆட்களைப் போன வாரமே நிறுத்திவிட்டார்கள் என்று, புதன்கிழமை பாயே டெம்போவில் கூட வந்தார். மண்டபத்தில் இறக்கி, தரை ஏற்ற இறக்கத்துக்கு ஒரு காலடியில் அட்டை வைத்து நேராக நிறுத்தினார். வண்டியில் குலுங்கி வந்த சாமான், நாலைந்து மணி நேரம் கழித்து சுவிட்ச் போட்டால் போதும் என்று கவிதாவிடம் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா பார்க்காத மாதிரி போனவர் திரும்பி வந்து, இதில் மாவு எத்தனை நாளைக்குப் புளிக்காமல் இருக்கும் என்று பாயிடம் விசாரித்தார். தங்கைக்கு முகமெல்லாம் பல். சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவரை அவளே கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தாள்.

கிளம்பும்போது டெம்போ பக்கத்தில் நின்று, மனசு கேட்காமல், அன்றைக்கு ஆன்லைனில் வாங்கியதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியுங்க சார். எஸ்கலேட்டர் பக்கத்துல நின்னா கீழ சோபா நல்லாத் தெரியும். எத்தனையோ பேரப் பாத்தாச்சு. என் மச்சானே அந்தச் சோபாவுல உக்காந்துதான் டிவி வாங்குனான்."

கோபம் இல்லையா என்று கேட்டேன். டெம்போவின் பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டினார். அப்புறம் சொன்னார்.

"முன்ன செவ்வாப்பேட்டைல ஒரு டிவி கடைல இருந்தேனுங்க. இந்தக் கடை வந்துதான் அது மூடுச்சு. அன்னிக்குக் கோவப்பட்டு என்ன பண்றது? நேரா இந்தக் கடைப் படியேறி வந்து வேலை கேட்டேன், குடுத்தாங்க. இப்ப இத மூடுனது போனுங்க. போனுக்குள்ள எந்தப் படியேறிப் போய் வேலை கேக்கறதுன்னுதான் தெரியல. நீங்க பத்திரிகைல எழுதறீங்க, நாலு பேரத் தெரியும். எங்கயாச்சும் சொல்லி வையுங்க சார். பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் போகுது."

எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு பேரைத் தெரியும்தான். நாலு பேரும் எழுதுகிறவர்கள். ஒருத்தரிடமும் கடை கிடையாது. எழுதிவிட்டேன் பாய், என்னால் முடிந்தது இதுதான்.

ஆகவே, சேலத்திலோ எடப்பாடியிலோ நாமக்கல்லிலோ இன்னும் மூடாத கடை வைத்திருக்கும் வாசகர்களே... பதினோரு வருஷம் பொய் சொல்லாமல் ஃப்ரிட்ஜ் விற்ற மனிதர் ஒருத்தர் கோட்டையில் சும்மா இருக்கிறார். பத்திரிகைக்கு ஒரு வரி போடுங்கள், நானே கூட்டி வருகிறேன். எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சலிக்காமல் பதில் சொல்வார்.

எல்லாம் கேட்டு முடித்தபிறகு, இதைவிடக் குறைந்த சம்பளத்தில் ஆன்லைனில் ஆள் கிடைக்கிறதா என்று மட்டும் தேடாதீர்கள்!