கீறிக்கொண்டிருந்த பேனா

எங்கள் அண்ணன் எழுத உட்கார்ந்தால் அடுத்த அறையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். ஓலைப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட வண்டு வெளியே வர வழி தேடிச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். கிர்க் கிர்க் என்று ஒரு வரி ஓடும், நிற்கும், அடுத்த வரியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். காப்பிக்கொட்டை நிறத்தில் பருத்த பேனா அது. மூடியில் மெல்லிய பொன் வளையம். நிப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து, தோளைச் சாய்த்து நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். இப்போது இதை நான் எழுதிக்கொண்டிருப்பதும் அந்தப் பேனாவால்தான். ஆனால் அது சத்தம் போடுவதை நிறுத்தி நெடுங்காலம் ஆகிவிட்டது. "இன்னுமாப்பா மை ஊத்திக்கிட்டு இருக்கிய?" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் நீங்கள் கேட்கிறீர்கள். நான் சிரித்துவிட்டு மைக்கூட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். வாயால் சொல்லி முடிக்க என்னால் ஆகாது என்பதால் இன்று எழுதுகிறேன். நான் பத்தாவது தாண்டாதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணன், அதாவது நீங்கள் பார்க்காத உங்கள் பெரியப்பா, கொழும்புக்குப் போகும் பாய்த்தோணியில் தண்டல். பாயை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது என்று தோணியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. சோறு தின்பதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு இடது கையில்தான். அந்த முரட்டுக் கையில் பேனாவைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். அவர் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்பதற்காகவே எழுதுவார். செய்தித்தாளில் இருக்கும் வானிலையைப் பார்த்து எழுதுவார், மீன்களின் பெயர்களை எழுதுவார், மாதா கோயில் பூசைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அப்படியே எழுதுவார். பிறகு கிழித்துப் போட்டுவிட்டு, விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் தடவிக்கொண்டு எழுந்துபோவார். மை எந்த எழுத்தின் வளைவில் மெலிகிறது, எங்கே தடிக்கிறது என்பதில்தான் அவருக்குக் கண். நீல மையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஆழக்கடல் நிறம் வருகிறதா என்று பார்ப்பார். வரவே வராது. "இது கரையோரத்து நிறம்லே. இன்னும் உள்ள போணும்," என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். தெருவில் அவருக்கு 'பேனாக் கோட்டி' என்று பெயர், பேனாப் பைத்தியம் என்று. அதைக் கேட்டு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடற்கரை ஓரத்து வீட்டில் தாள் எப்போதும் நமுத்துக் கிடக்கும். நமுத்த தாளில் மை கால் முளைத்துப் பரவிவிடும். அதனால் மதினி, அண்ணனின் மனைவி, தாள்களை முற்றத்தில் கருவாட்டுக்குப் பக்கத்தில் கல் வைத்துக் காயப்போடுவார். தோணிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் இது ஒன்று போதும். "ஏலே, நம்ம தண்டல் எழுதுனா வாசிக்காண்டாம், மோந்து பாத்தாப் போதும்," என்பான் ஒருவன். "தண்டலுக்கு ரெண்டு சொத்து. தோணி ஒன்னு, பேனா ஒன்னு. ரெண்டும் ஒழுகும்," என்பான் இன்னொருவன். அண்ணன் தலையைத் தூக்காமலே, "தோணி ஒழுகுனா நீ எறைப்ப. பேனா ஒழுகுனா ஒங்க மதினி தொவைப்பா. எனக்கென்னலே கவலை?" என்பார். உள்ளே இருந்து மதினியின் குரல் வரும்: "சட்ட பூரா நீலப்பூ. தொவைச்சுத் தொவைச்சு எங்கையே நீலமாப் போச்சு. வந்து பாருங்க."

பேனாவை அண்ணன் கடலுக்குக் கொண்டுபோக மாட்டார். புறப்படும் அன்று காலையில் அதைக் கழற்றிக் கழுவி, துணியில் ஒற்றி, சன்னல் மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். அவருடைய தோணியின் பாய் தெரிகிறது என்று கரையில் இருந்து யாராவது வந்து சொன்னதும், மதினி அடுப்பில் இருக்கிறதை இறக்கி வைத்துவிட்டு முதலில் அதில் மை ஊற்றுவார். அண்ணன் வாசலில் நின்று காலைக் கழுவும்போதே, "ஏளா, மை ஊத்தியாச்சா?" என்பார். வேறு எப்படியும் அவர் வந்து சேர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பயணம். வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியது வரைக்கும் தகவல் தெரிந்தது. நடுவில் ஒரு பெருங்காற்று. அதில் அடிபட்டு வந்து சேர்ந்த வேறொரு தோணியின் ஆட்கள், தூரத்தில் ஒரு பாயைப் பார்த்தோம், பிறகு பார்க்கவில்லை என்றார்கள். அவ்வளவுதான். ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. உடம்பு கிடைத்த வீட்டில் அழுது முடிக்கலாம். எங்கள் வீட்டில் எப்போது தொடங்குவது என்றே யாருக்கும் தெரியவில்லை. எங்களோடு இருந்த எங்கள் அம்மைக்குக் காதும் மந்தம், மனசும் அதற்குள் மந்தமாகிவிட்டது. மதினி அழவில்லை. ஒரு நாள் பேனாவில் மை ஊற்றி வைத்தார். சில நாளில் அது காய்ந்தது. கழுவிவிட்டு மறுபடி ஊற்றினார். பாய் தெரிகிறது என்று யாரும் வந்து சொல்லாமலே ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போட்டு எண்ணுகிற வேலை. அதற்கு ஆபீசில் கொடுத்த பால்பாயிண்ட் பேனாவே அதிகம். ஒரு நாள் மதினி அண்ணன் பேனாவை என் கையில் கொடுத்து, மை இறங்க மாட்டேன் என்கிறது, கடையில் காட்டுங்கள் என்றார். அண்ணன் வழக்கமாக மை வாங்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி நிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் நாக்கைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மை பாறையாக இறுகியிருந்தது.

"எழுதாம மை மட்டும் ஊத்தி வச்சாச் செத்துப்போவும் தம்பி. யாராது எழுதணும்."

"நான் எழுதுனா அண்ணன் கைப் பழக்கம் போயிருமே அண்ணாச்சி?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போவத்தான் செய்யும். நிப்பு நாய்க்குட்டி மாதிரி. எவன் தெனமும் சோறு வைக்கானோ அவன் பின்னால போயிரும். வச்சிருந்தாச் சாவும், எழுதுனா மாறும். நான் என்ன சொல்லட்டும்?"

அவர் சொன்னதில் பாதியை மட்டும் மதினியிடம் சொன்னேன். எழுதாவிட்டால் செத்துப்போகும் என்ற பாதியை. "அப்பம் நீங்க எழுதுங்க தம்பி," என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் இடத்தில் உட்கார்ந்தேன். வலது கையில் அந்தப் பேனா ஒரு எழுத்துக்கூடப் போடவில்லை. தாளைக் கிழித்தது. தாளைச் சாய்த்துப் பார்த்தேன். மணிக்கட்டை உள்பக்கமாக வளைத்து, எழுத்தை இழுக்காமல் தள்ளி எழுதினேன். அண்ணன் அப்படித்தான் தள்ளித் தள்ளி எழுதுவார். சட்டென்று மை வந்தது. மையோடு கிர்க் கிர்க் என்று அந்தச் சத்தமும் வந்தது. அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற ஓசை நின்றது. நிறுத்தவும் பயமாக இருந்தது, எழுதவும் பயமாக இருந்தது. மீன்களின் பெயர்களை எழுதிக்கொண்டே போனேன். பாத்திரம் மறுபடி உருளத் தொடங்கியபோதுதான் கையை எடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் அதுதான் பழக்கம். நான் இந்த அறையில், மதினி அந்தப் பக்கம். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினால் ஒரே பேச்சுக்குத்தான் போக வேண்டும், அதற்கு இரண்டு பேருக்கும் தைரியம் கிடையாது. அந்த வீட்டில் அப்போது இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். துறைமுகத்தில் ஆயிரம் பேர் இரைச்சலில் நின்றுவிட்டு வந்து, இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத ஒருவருடைய கையைப்போல் என் கையை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு எழுதினாலும் எழுதியது என்னுடையதாகவும் இல்லை, அண்ணனுடையதாகவும் இல்லை.

மதினியின் அப்பா அவ்வப்போது புன்னைக்காயலில் இருந்து வருவார். நல்ல மனுஷர். மகளின் வயசை நினைத்து வேகிறவர். "ஏளா, இன்னும் எம்புட்டு நாளைக்கு மை ஊத்திக்கிட்டு இருப்ப? ஒரு பூசையக் குடுத்துட்டு வீட்டுக்கு வா," என்பார். செத்தவர்களுக்குக் கொடுக்கும் பூசையைச் சொல்கிறார். மதினி சுவரைப் பார்த்துக்கொண்டு, "பூசை குடுத்தா நானே கொன்ன மாதிரில்லா இருக்கும்பா," என்பார். அவர் என்னைப் பார்ப்பார், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் தாளை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிடுவேன். மதினி போய்விட்டால் அண்ணன் நிஜமாகவே போய்விட்டார் என்று ஆகிவிடும். எனக்கும் அவர் இருக்க வேண்டியிருந்தது.

பேனா வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். புது நிப்பு ஒன்று கீறிக் கீறி எழுதி, ஒரு நாள் திடீரென்று எண்ணெய் போட்டதுபோல ஓடத் தொடங்குமே, அந்த நாளைப்போல ஒரு சந்தோஷம் அவர்களுக்கு வேறு கிடையாது. எனக்கு அந்த நாள் வந்தபோது அது வந்திருக்க வேண்டாம் என்றிருந்தது. வளைத்த மணிக்கட்டு எனக்கே தெரியாமல் நிமிர்ந்திருந்தது. பேனா வழுக்கிக்கொண்டு போனது. சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. அடுக்களைப் பக்கம் காதைக் கொடுத்தேன். அங்கே ஒன்றும் மாறவில்லை. அன்றிலிருந்து பேனாவை அமுக்கி எழுதத் தொடங்கினேன். அமுக்கினால் கொஞ்சம் கீறும். நாளாக நாளாக இன்னும் அமுக்க வேண்டியிருந்தது. விரல் நுனி வெளுத்துப்போகும், அடுத்த தாளிலும் பள்ளம் விழும். நல்லபடியாக எழுதத் தயாராகிவிட்ட பேனாவைக் கெட்டதாக எழுத வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒரு நாள் அப்படி அமுக்கிக்கொண்டிருக்கும்போது மதினி கதவுப் பக்கம் வந்து நின்றார். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அமுக்காதீங்க. நிப்பு விரிஞ்சிரும்."

"இல்ல மதினி, மை சரியா இறங்கல…"

"நல்லாத்தான் இறங்குது. போன மழைக்கே சத்தம் மாறிட்டு. எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க அம்புட்டுக் கஷ்டப்பட்டு அமுக்குதிய. எப்பிடிச் சொல்ல?" என்று சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் வராத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதார். அம்மை காதில் எதுவும் விழாமல் முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பேனாவைக் கையில் பிடித்தபடி இருந்தேன். மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து மதினி ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். "பூசைக்குப் பேரு எழுதிக் குடுக்கணும். நீங்களே எழுதுங்க. ஒங்க கையில எப்பிடி வருதோ அப்பிடியே எழுதுங்க."

தாளை நேராக வைத்தேன். மணிக்கட்டை வளைக்கவில்லை. அண்ணனின் முழுப் பெயரையும் எழுதினேன். பேனா ஒரு சத்தமும் போடவில்லை. மதினி திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதி முடித்து எவ்வளவோ நேரம் கழித்து, "எழுதியாச்சா?" என்றார்.

"எழுதியாச்சு மதினி."

அந்த வாரமே கோயிலில் அண்ணனின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தார்கள். அது முடிந்து மதினி அப்பாவோடு புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினார். பேனாவை வேண்டுமா என்று கேட்டேன். "அது இங்கன ஒங்ககிட்டத்தான் எழுதுது. எனக்கு எதுக்கு?" என்றார். பிற்பாடு அவருக்கு வேறு கல்யாணம் ஆகிப் பிள்ளைகளும் பிறந்தார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். மெய்யாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் போன அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தபோது, யார் கேட்பதற்கு எழுதுகிறோம் என்று கை நின்றுவிட்டது. கடல் இரைச்சல் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது மில்லர்புரம் வீட்டில் கடல் கேட்காது. உங்கள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நீங்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். ஃபோனில் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறீர்கள். போட்டேன் என்கிறேன். பிறகு தினமும் கொஞ்ச நேரம் எழுதுகிறேன், அண்ணனைப்போலவே எதற்கும் இல்லாமல். மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுகிற நாளும் உண்டு. பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அண்ணன் அதில் எங்கேயும் இல்லை.

எனக்குப் பிறகு இது உங்களில் யாரிடம் வந்தாலும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மை ஊற்றி எழுதுங்கள். முதலில் சண்டித்தனம் பண்ணும், தாளைக் கிழிக்கும். அது என் கை. கொஞ்ச நாள் உங்களோடு மல்லுக்கட்டும். பிறகு ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடும். அப்பா கை போய்விட்டதே என்று அன்றைக்கு எழுதுகிறதை நிறுத்திவிட வேண்டாம்.