இடப்பக்கம் திருப்பினால் எரியும் பல்பு

கருவாட்டு வேன் நாகல் நகருக்குள் நுழைந்த அன்று அந்த வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் வேலை வெட்டியை விட்டுவிட்டு ஜெஸ்ஸியின் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டன. சாணார்பட்டிப் பூனைகள் பஸ் ஏறி வந்தன என்றும் பேச்சு உண்டு. வேனிலிருந்து அவள் தம்பி பிராங்கிளின் குதித்தான். கூடைகளுக்கு நடுவே பழைய போர்வை சுற்றிக் கிடந்த படகு மோட்டாரை இறக்கினான்.

திண்டுக்கல்லில் படகு மோட்டார்! தண்ணீர் லாரி திருப்பத்தில் தளும்புவதைத்தான் இந்த ஊர் அலை என்று கண்டிருக்கிறது.

ஜெஸ்ஸி பிறந்தது வேம்பார்க் கடற்கரையில். இங்கே வாக்கப்பட்டு வந்தது, வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் மரியசெல்வத்துக்கு. வந்த புதிதில் அலைச்சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. ஃபேனைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு, அந்த இரைச்சலில் கண்ணை மூடுவாள். மார்கழியிலும் அதே கூத்து. மரியசெல்வம் ரெண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்குவான். பகலில் பொழுது போகாமல் கடைக்கு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கியவள், ஹாரன் மாற்றினாள், டைனமோ பிரித்தாள். இப்போது டிராக்டர்காரர்கள் வந்தால் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையாண்ணே?" என்கிறார்கள்.

"யக்கா, மோட்டாருக்குப் பெட்ரோல் ஏத்துற பம்ப்போட ஃபியூஸ் போய்க்கிட்டே இருக்கு" என்றான் பிராங்கிளின். "கடலுக்குள்ள ஓடுறப்ப ஒரு கொறையும் இல்ல. கரையக் கண்டதும் படுத்துக்கிது, கழுத."

"அதுக்கு என்ன பண்ணலாம்னு இருக்க?"

சட்டைப் பையிலிருந்து முறுக்கிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்துக் காட்டினான். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. மறுநாள் காலையில் வேன் திரும்பிவிடும். அதற்குள் மோட்டார் சரியாகாவிட்டால், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் இந்தக் கம்பியைச் சொருகிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவான்.

மின்சாரம் கண்டபடி பாய்ந்தால் ஃபியூஸ் தான் உருகி மற்றதைக் காப்பாற்றும். கம்பி உருகாது, வயர்தான் பழுத்துச் சிவக்கும். அந்த வயருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல். சுற்றிலும் அம்புட்டுத் தண்ணீர் இருந்து என்ன, அணைக்க ஆள் வேண்டாமா?

"ஏலே, தோட்டத்துல கம்பி போட்டா மோட்டாரு போகும். கடல்ல போட்டா நீ போயிருவ."

"அப்ப நாளைக்குள்ள சரி பண்ணிக் குடு."

மேசையில் வைத்துப் பார்த்தாள். சாவியைத் திருப்பியதும் பம்ப் 'ங்ங்' என்று முனகி அடங்கியது. நல்ல பம்பின் முனகல். மீட்டரை வைத்து அது இழுக்கும் மின்சாரத்தை அளந்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றால் அதற்குத் தண்ணீர் வேண்டும். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாணார்பட்டியில் முத்துக்கிருஷ்ணன் தென்னந்தோப்புத் தொட்டிக்குப் போனார்கள்.

"ஏம்மா ஜெஸ்ஸி, என் தோப்ப எங்கம்மா ஓட்டிக்கிட்டுப் போகப் போற?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"எலங்கைக்குண்ணே. ஏறிக்கிறீகளா?" என்றான் மரியசெல்வம்.

"சோத்துக்கு வெஞ்சனம் என்ன போடுவீக, அதச் சொல்லு மொதல்ல."

தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றிவிட்டு, தொட்டிச் சுவரில் பலகை வைத்து மோட்டாரை இறுக்கினார்கள். அது போட்ட சத்தத்தில் அன்றைக்குக் குடிபெயர்ந்த தவளைகள் இன்னும் ஊர் திரும்பவில்லை. மோட்டார் ஓடியது, ஓடியது, வெயில் சாய்கிறவரை ஓடியது. ஃபியூஸ் போகவேயில்லை.

"பாத்தியா? ஒன் ஊருக்கு வந்ததும் நல்ல பிள்ளையாயிருச்சு" என்று பிராங்கிளின் எழுந்தான். "விடுக்கா. நான் கம்பியவே போட்டுக்கிறேன்."

ஜெஸ்ஸி தொட்டிச் சுவரோரம் குனிந்தாள். தண்ணீரின்மேல் பெட்ரோல் புகை படர்ந்து வந்து மூக்கில் ஏறியது. அந்த வாசனையில் அவள் பாவாடை கட்டிய வயதுக்குப் போய்விட்டாள். மாதா திருவிழா அன்று அப்பா பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவார். கோயில் கோபுரம் பெரிதாகிக்கொண்டே வரும். கரையை நெருங்கி அலை முதுகைத் தூக்கும்போது, "சாஞ்சுக்க தாயி!" என்று கத்திக்கொண்டே மோட்டார் கைப்பிடியை ஒரே ஒடி ஒடிப்பார். வள்ளம் ஒரு பக்கம் சரியும். தம்பியின் கால்சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் எதிர்ப்பக்கம் சாய்வாள். நட்சத்திரமே உப்புத் தண்ணீரில் நனைந்து போகும் என்று தோன்றும், அப்படித் தெறிக்கும்.

"ஏலே, கரைகிட்ட வந்ததும் நீ என்ன செய்வ?"

"வள்ளத்த அலைக்குக் குடுக்காம ஒடிச்சுத் திருப்புவேன். அப்பா மாதிரிதான்."

"எந்தப் பக்கம்?"

இடப்பக்கம் கையைக் காட்டினான்.

"இந்தத் தொட்டிக்குள்ள இம்புட்டு நேரம் யாராச்சும் மோட்டாரத் திருப்புனோமா?"

மோட்டாரை நிறுத்தினாள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை வயரால் இணைத்தாள். வயர் எங்காவது இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் செத்துப்போகும். பல்பு சாகாது, பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். சாவியைத் திருப்பியதும் பல்பு மங்கலாக மினுங்கி அடங்கியது. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினாள். ஒன்றுமில்லை. இடப்பக்கம் முழுசாக ஒடித்தாள்.

தென்னை நிழலில் பல்பு பளீரென்று எரிந்தது.

"அடி ஆத்தி!" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

கோளாறு கையில் சிக்கிவிட்டது. மோட்டார் மூடிக்குள் இருந்த ஃபியூஸில் உப்புத் தண்ணீர் இறங்குகிறது என்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்ற வசதியாக பிராங்கிளினே வயரை வெளியே இழுத்துவந்து தன் பக்கத்தில் பொருத்தியிருந்தான். இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் அந்த வயர், மோட்டாரைப் படகில் மாட்டும் இரும்புப் பிடிக்குள் நசுங்கி, தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பல்லைக் காட்டியது. அவனும் பல்லைக் காட்டினான்.

"வசதியா இருக்கட்டும்னுதான்க்கா..."

"ஒனக்கென்ன, நீ வசதியா எரிவ. இங்க யாரு அழுகுறது?"

புது வயர் போட்டு, மேலே குழாய் மாட்டி, எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுபடாமல் தளர்வு விட்டு, உப்பு படாத மூடியோடு ஃபியூஸ் கூட்டைப் பொருத்தினாள். அப்புறம் அதில் பல்பையே மறுபடி இணைத்து, கைப்பிடியை இங்கும் அங்குமாக எத்தனை தரம் ஒடித்தாளோ, முத்துக்கிருஷ்ணனுக்குப் பார்த்தே கழுத்து வலித்தது. பல்பு எரியவில்லை. அதை எடுத்துவிட்டு, சரியான அளவு ஃபியூஸைச் சொருகினாள்.

மறுநாள் காலையில் பிராங்கிளின் சட்டைப் பையைத் தடவினான். செம்புக் கம்பியைக் காணோம். அண்ணாந்து பார்த்தான். அக்காவுக்கென்று கொண்டுவந்த கருவாட்டுக் கூடை, பூனைகளுக்கு எட்டாத உயரத்தில், அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்தால் பூனைகள் சும்மா விடாது. கம்பியை விட்டுவிட்டு வேனில் ஏறினான்.

தடை நீங்கிய மறுநாள் கடையில் கூட்டம். ஜெஸ்ஸியின் போன் அடித்தது.

"யக்கா, கரை வருது. கேளு."

காற்று இரைந்தது. இங்கே எந்த ஃபேனாலும் போட முடியாத இரைச்சல். அதற்கு அடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதன் குரல் மாறியது, ஒடிக்கிறான்.

"ஏய், ஸ்டூலு சரியுது பாரு!" என்றான் மரியசெல்வம். "எதுக்கு இப்பிடி ஒரு பக்கமாச் சாயுற?"

பேசாதே என்று கையைக் காட்டினாள். மோட்டார் நிற்கவில்லை. வள்ளம் இன்னும் மணலைத் தொடவில்லை.