முத்திரைக்கு அடியில் இரண்டு வரி

நான் எழுதும் பாடத்தாள் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரிகள் இருக்கும். தாளை ஆக்கியவர் யார் என்பது முதல் வரி. 'இதை நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆக்கியவர் பெயரையும் நீங்கள் செய்த மாற்றத்தையும் குறிப்பிடுங்கள். மாற்றியதையும் இதே நிபந்தனையில் கொடுங்கள்' என்பது இரண்டாவது. திருவனந்தபுரத்தில் தமிழ் வழியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர்கள் மிகச் சிலரே. எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் நானே எழுதினேன். எழுதியதை மற்ற பள்ளிகளும் என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்த வரிகளைச் சேர்த்தேன். எளிய தமிழில்தான் எழுதியிருந்தேன். ஆசிரியர்கள் வாசிப்பார்கள் என்று நம்பியதுதான் அதிகப்படி.

எங்கள் தமிழ்வழி ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களுக்கு உரிமை பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கிருந்து எதை எடுத்தாலும் அடியில் 'நன்றி: கூகுள்' என்று எழுதிவிட வேண்டும். விலைக்கு விற்கும் வழிகாட்டி நூல் ஒன்றை ஒருவர் அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே 'நன்றி: இணையம்'. அந்த நூலை இணையம் உட்கார்ந்து எழுதியது போல. நன்றி சொல்வது வேறு, அனுமதி பெறுவது வேறு என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன்.

"கல்விக்காகத்தானே டீச்சரே, நாம என்ன கள்ளக்கடத்தலா செய்யுதோம்?" என்றார் அந்த ஸ்கேன்காரர்.

"டீச்சர் கோர்ட்டுல இருக்க வேண்டிய ஆளு" என்றது பின்வரிசை. சிரித்தார்கள். பிறகு டீ வந்தது, வடையும் வந்தது. உரிமைப் பிரச்சினை தீர்ந்தது.

இவர்களே தாங்கள் ஒரு படம் வரைந்துவிட்டால் கதை வேறு. ஒருவர் இதயத்தின் படத்தின் மேல் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறுக்காகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். திருடனுக்குப் பயந்து பெருந்தமனியையே மறைத்துவிட்டார். பிள்ளைகள் எந்த அறை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை பேருக்கும் தலைவராக இருக்கத் தகுதியானவர் எங்கள் செயலாளர். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பம். கடையை விட்டு வெளியே போகும் எந்தத் தாளிலும் முத்திரை விழுந்தாக வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். அதை அவர் அப்படியே சங்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். சுற்றுலா அறிவிப்பிலும் இரங்கல் தீர்மானத்திலும் ஒரே ஊதா வட்டம். முத்திரை இல்லாத தாளை அவர் தாளாகவே மதிக்க மாட்டார்.

என்னுடைய தாள்களைக் குழுவில் போட அவர் கேட்டபோது அனுப்பிவைத்தேன். அவர் போட்டதை, நம்முடையதுதானே என்று திறந்து பார்க்கவில்லை. தேர்வு நெருங்கிய ஒரு மாலையில் மலைப்பக்கத்து வித்துராவிலிருந்து போன் வந்தது. அங்கே தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் வரும் பள்ளியில் தமிழ்ப் பிரிவு முழுவதையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும் சார். என் வயதுதான் இருக்கும்.

"டீச்சரே, ஒரு அனுமதி வேணும். கொழப்பம் ஒண்ணும் ஆகாதுல்லோ?"

"எதுக்கு சார்?"

"அந்தக் கடற்காற்று, நிலக்காற்று பாடம். நீங்க சங்குமுகம் கடற்கரைய வச்சு எழுதியிருக்கீங்க. எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரு கடலே பாத்ததில்ல. பொன்முடிச் சரிவுல பகல்ல காத்து மேல ஏறும், ராத்திரி கீழ இறங்கும். அது எல்லாருக்கும் தெரியும். அப்பிடி மாத்திக்கிடவான்னு செயலாளர்கிட்ட கேட்டேன். சங்கம் கூடித் தீர்மானம் போடணும்னாரு."

"தாள்லயே எழுதியிருக்கே சார், மாத்தலாம்னு."

"மாத்தக் கூடாதுன்னல்லோ எழுதியிருக்கு? நகல் எடுக்கவும் கூடாதாம். அதான் போர்டுல எழுதிப் போடுறேன். பிள்ளைங்க பாத்து எழுதுறதுக்குள்ள பீரியட் முடிஞ்சு போகுது. அடுத்த வாரம் பரீட்சை."

போனை வைத்துவிட்டுக் குழுவைத் திறந்தேன். செயலாளர் என் தாள்களை அச்செடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் சரியாக அந்த இரண்டு வரிகளின் மேல் முத்திரை குத்தி, பக்கத்தில் 'அனுமதியின்றி நகலெடுக்கவோ மாற்றவோ கூடாது' என்று கையால் எழுதி, மறுபடி ஸ்கேன் செய்து போட்டிருந்தார். குழுவில் இத்தனை ஆசிரியர்கள் இருந்தும் வித்துரா சார் ஒருவர்தான் அதை வாசித்து, நம்பி, கீழ்ப்படிந்திருந்தார். அதற்கான தண்டனையை மலைமேல் பிள்ளைகள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி அவருடைய கடைக்குப் போனேன். ஆணிகளை எடை போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க டீச்சரே! குடிக்க நாரங்காவெள்ளம் சொல்லட்டா?"

"வேண்டாம் சார். என் தாள்ல அந்த ரெண்டு வரியை ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கலியே, காப்பாத்தியிருக்கேன். சும்மா எடுத்துக்கோன்னு எழுதினா எவன் மதிப்பான்? ஒங்க உழைப்ப எவனாவது அடிச்சிட்டுப் போயிரப்பிடாதுல்லா."

"எடுத்துட்டுப் போகணும்னுதான் எழுதியிருக்கேன்."

"அப்போ ஒங்களுக்கு உரிமையே வேண்டாமா?"

"உரிமை என்கிட்டதான் இருக்கு. இருக்கறதுனாலதான் அனுமதி குடுக்க முடியுது. உங்ககிட்ட இல்ல, அதனால உங்களால தடை போட முடியாது."

அவர் தராசைப் பார்த்தார். எந்தத் தட்டில் எதை வைப்பது என்று தெரியாத முகம்.

"அப்போ சங்கம் இத புக்கா அடிச்சு வித்தா?"

"விக்கலாம். அந்த ரெண்டு வரி இருந்தா போதும். வாங்கினவங்க நகல் எடுக்கக் கூடாதுன்னு மட்டும் நீங்க சேர்க்க முடியாது."

"விக்கலாம், தடுக்கப்பிடாது. இது என்ன ஏற்பாடு டீச்சரே?" என்று உண்மையான வருத்தத்துடன் கேட்டார். விற்கலாம் என்பது அவருக்கு ஆறுதலாகவே இல்லை. ஒருவரைத் தடுக்க முடியாத பதவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கவலை. பிறகு முகம் தெளிந்தது. "வெப்ராளப்படாதீங்க, கவலைய விடுங்க. இன்னிக்கே செரியாக்கிருதேன்."

சரியாக்கினார். நான் வீடு போய்ச் சேருவதற்குள் குழுவில் அறிவிப்பு வந்திருந்தது. 'டீச்சரின் வேண்டுகோளுக்கு இணங்க, மேற்படி தாள்களை நகலெடுக்க மட்டும் அனுமதி வழங்கப்படுகிறது. செயலாளர்.' கீழே ஊதா வட்டம். என் தாளுக்கு, நான் ஏற்கெனவே கொடுத்த அனுமதியை, நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லி அவர் வழங்கியிருந்தார். அதிலும் பாதியை முடக்கி வைத்துக்கொண்டு. குழுவே கைகூப்பும் பொம்மைகளை அனுப்பி அவரை வாழ்த்தியது.

இந்த மனிதருக்கு இனி விளக்குவது வீண் என்று முடிவு செய்தேன். முத்திரை படாத மூலத்தாள்களை நானே குழுவில் போட்டேன். வித்துரா சாரை அழைத்து, அடிக்குறிப்பைப் போனிலேயே வாசித்துக் காட்டினேன்.

"இவ்வளவுதானா? தீர்மானம் ஒண்ணும் வேண்டாமா?"

"வேண்டாம் சார். மாத்துங்க. என் பேருக்குக் கீழ உங்க பேரையும் போடுங்க."

இரண்டு நாளில் அவருடைய தாள் குழுவுக்கு வந்தது. சங்குமுகம் போய்ப் பொன்முடி வந்திருந்தது. பகலில் சரிவில் ஏறும் காற்றுக்கும் இரவில் இறங்கும் காற்றுக்கும் அம்புக்குறிகள், நடுவே தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகள். அம்புகள் என்னுடையவற்றை விட நேராக இருந்தன. அடியில் என் பெயர், 'கடலுக்குப் பதில் மலை என்று மாற்றியவர்' என்று அவர் பெயர், பிறகு அதே நிபந்தனை. அன்று காலையே வகுப்பில் ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது.

செயலாளரிடமிருந்து உடனே கேள்வி வந்தது: 'நகலுக்குத்தானே அனுமதி. மாற்றச் சொன்னது யார்?'

வித்துரா சார் அடியிலிருந்த வரிகளை மட்டும் படமெடுத்துப் போட்டு, 'இது ஒண்ணு வாசிச்சு நோக்குங்க சாரே' என்றார்.

செயலாளர் ஒரு கட்டைவிரலை உயர்த்தினார். அதற்குக் கீழே ஸ்கேன்காரர் அடுத்த வகுப்புக்கான வழிகாட்டி நூலை முழுவதுமாகப் போட்டிருந்தார். நன்றி: இணையம்.