வலது கையில் த்ராட்டில்

யாங்கூனில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். வண்டிகளோ பெரும்பாலும் ஜப்பானில் ஓடிக் கழித்தவை. ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். ஆகையால் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. இடப்பக்க முன் இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஓட்டுநர் "யலா?" என்பார். போகலாமா என்று பொருள். எதிரே ஒன்றும் இல்லையென்றால் "யபி" என்று சொல்ல வேண்டும். போகலாம். அதைச் சொல்லும்வரை அவர் தாண்டமாட்டார். அந்த இருக்கையில் முன்பின் தெரியாதவர் உட்கார்ந்திருந்தாலும் இதுதான் முறை.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வந்த முதல் வாரம், பக்கத்து ஊரான மாவ்பிக்குப் போகும் வழியில், அலுவலக வேனை ஓட்டிய கோ தூ "யலா?" என்று கேட்டார். ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நம் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டி வைத்தேன். வேன் வெளியே பாய்ந்தது. எதிரே மூங்கில் ஏற்றிய லாரி. கோ தூ எப்படித் திரும்ப உள்ளே நுழைந்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. லாரி கடந்ததும் வேகத்தைக் குறைத்தார். பிறகு தமிழில் சொன்னார்: "அமா, தலைய ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க. நீங்க ஆட்டுறது போன்னா, போகாதேன்னா, எனக்கு வெளங்கல."

அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா. கோ தூவின் தாய் தமிழ், தந்தை பர்மியர். வீட்டில் பேசுவது பர்மிய மொழி. தமிழைத் தாயிடம் திட்டு வாங்கியே கற்றதாகச் சொல்வார்.

நான் கோவைக்காரி. பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் இருந்தேன். எங்கள் பதிப்பை மூடியபோது சென்னைப் பருப்பு வியாபாரி ஒருவர் தன் யாங்கூன் அலுவலகத்துக்கு ஆள் தேடினார். நீங்கள் காலையில் சாப்பிடும் இட்லியில் இந்த நாட்டு உளுந்து இருக்கக்கூடும். அது எங்கே விளைந்தது, எந்தக் கிடங்கில் நனைந்தது, எந்தக் கப்பல் ஏறவில்லை என்று தினமும் ஒரு பக்கம் எழுதி அனுப்புவதுதான் என் வேலை. செய்தி எழுதுவதுபோலத்தான். கீழே என் பெயர் மட்டும் வராது.

கோவையில் ஒருமுறை ஞாயிறு இணைப்புக்காக மாதிரி விமானம் பறக்கவிடுவோரைப் பற்றி எழுத ஒரு வறண்ட குளத்துக்குப் போனேன். ஃபோம் அட்டையில் செய்த சிறிய விமானம் ஒன்று மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, தன் காற்றாடியில் தானே தொங்கியபடி, முன்னும் பின்னும் நகராமல் நின்றது. அப்படி நிற்பதுதான் அந்த வகை விமானத்தின் வித்தை. பேட்டி எடுத்தவளின் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டார்கள். கட்டுரை அரைப் பக்கம் வந்தது. நான் ஆறு ஆண்டுகள் அந்தக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் இடது கட்டைவிரல் அங்கேதான் த்ராட்டிலைக் கற்றது. இடது குச்சியை மேலே தள்ளினால் வேகம், கீழே இழுத்தால் ஓய்வு. நம் ஊரில் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

இங்கே வந்ததும் எல்லோரும் சொன்ன முதல் அறிவுரை, அதை மறந்துவிடு என்பதுதான். நியாயமான அறிவுரை. இந்த ஊரில் மேலே ரீங்காரம் கேட்டால் மக்கள் பட்டென்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் விளையாட்டு இல்லை; உள்நாட்டுப் போரில் குண்டு போடும் ட்ரோன்களும் இப்படித்தான் இரைகின்றன. பறக்கும் பொம்மை வைத்திருந்தவர்கள் எல்லாம் அதை வீட்டுக்குள் ஒளித்துவிட்டார்கள், அல்லது உடைத்துவிட்டார்கள். தொலைபேசியில் கோவைத் தோழி, "அந்த ஊர்ல உனக்கு என்னடி வெச்சிருக்குது? பொட்டியக் கட்டீட்டு வந்துரு" என்றாள். வரமாட்டேன் என்றேன். ஏன் என்றாள். இங்கே என் வேலை இருக்கிறது, என் அறை இருக்கிறது, இன்னும் பறக்கவிடவில்லை என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு சத்தம் பயத்துக்கு மட்டுமே உரியதாகிவிட்டதை அப்படியே விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே கட்டினேன். எழுதுபொருள் கடையில் ஃபோம் போர்டு வாங்கி, நனைத்து, இருபுறத் தாளையும் உரித்தேன். விறைப்புக்கு, சாலையோரம் இறைச்சி குத்தி விற்கும் மூங்கில் குச்சிகள். சட்டென்று ஒட்டும் பசை ஃபோமைத் தின்றுவிடும் என்பதால் சூட்டுப் பசைதான். அதற்கு மின்சாரம் வேண்டும். எங்கள் பகுதியில் மின்சாரம் முறைவைத்து நான்கு மணி நேரம் வரும், போகும். வந்த வேளைகளில் ஒட்டினேன், போன வேளைகளில் உரசினேன். மோட்டாரும், இறக்கை, வால் துடுப்புகளை அசைக்கும் மூன்று சிறு செர்வோக்களும், விமானம் பறக்கவிடுவதை நிறுத்திவிட்ட ஒருவரின் அலமாரியிலிருந்து கிடைத்தன. இரண்டரை அடி இறக்கை, மொத்தத்தில் ஒரு மாம்பழத்தின் எடை.

ரிமோட் ஜப்பானியப் பழைய பொருள் கடையில் அகப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் த்ராட்டில் வலது குச்சியில் இருந்தது. இடது குச்சி மூக்கை ஏற்றி இறக்குவது. நான் கற்றதற்கு நேர்மாறு. ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தபோது கோ தூ வந்தார். "கழட்டி மாத்திடலாம்" என்றேன்.

"எதுக்கு அமா? என் வண்டியப் பாருங்க. ரோடு ஒரு பக்கம், ஸ்டேரிங் ஒரு பக்கம். நான் கழட்டியா மாத்தினேன்?"

மாற்றவில்லை. இரண்டு மாதம் கணினியில் பறக்கவிட்டு வலது கையைப் பழக்கினேன்.

இடம்தான் இல்லை. காற்றில்லாத, உயரமான கூரையுள்ள கூடம் வேண்டும். அப்படி ஒன்று இருந்தது: எங்கள் பகுதி அம்மன் கோயிலின் கல்யாண மண்டபம். அதன் பொறுப்பாளர் கோயிலில் ராமசாமி, அரசுத் தாள்களில் ஊ அவுங் வின். ஒரே ஆள்தான். துறைமுகக் கூலியாக வந்தவரின் கொள்ளுப் பேரன். விமானத்தை ஒரு கண்ணாடித்தாள் பையில் போட்டு, தெருவில் எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டுதான் அவரிடம் போனேன். ஒளித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஒளித்தால்தான் அது குற்றம்போல் ஆகும்.

அவர் பையைத் திறக்காமலே பார்த்தார். "இதுல கேமரா இருக்குதா?"

"இல்லீங்க ஐயா. பேட்டரியும் மோட்டாரும்தான்."

"இது எதுக்கு?"

"சும்மாதானுங்க."

"சும்மாவா! இந்த ஊருல இப்ப சும்மா எவன் என்ன செய்யிறான்?" அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, ஒனக்கு விசா முடிஞ்சா பிளேன் ஏறிருவ. பெரிய பிளேன். நாங்க இங்கதான் இருக்கணும். என் பேரு எல்லா லிஸ்ட்லயும் ரெண்டு தடவ இருக்கு."

அவர் சொன்னது சரிதான். இருந்தும் நான் போகவில்லை, நின்றுகொண்டிருந்தேன். மண்டபம் காலியாகக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். ஒரே ஒரு தடவை அவர் கண் முன்னால் பறக்கவிட வேண்டும். விளக்கு, படம், சுவர், எதையாவது தொட்டால் அதோடு மண்டபமும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. தொடாவிட்டால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்னுடையது. "கதவு ஜன்னலச் சாத்திரணும்" என்றார்.

"சாத்தினாத்தானுங்க ஐயா சந்தேகம் வரும். உள்ளாற என்னமோ இரையுதும்பாங்க. தொறந்தே இருக்கட்டும்."

"கோயம்புத்தூர்ல எல்லாரும் இப்பிடித்தான் வாயாடுவீங்களா?" என்றார். ஆனால் கதவைத் திறந்து வைக்கச் சம்மதித்தார்.

ஞாயிறு காலை பத்து மணியைத் தேர்ந்தெடுத்தேன். அது மின்சாரம் இல்லாத முறை. மண்டபத்தில் பன்னிரண்டு மின்விசிறிகள், ஒன்றும் சுழலாது. ராமசாமி ஐயா மேடையருகே நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோ தூ என் இடப்பக்கம் நின்றார். நான் கேட்டுக்கொண்டபடி, என் கண் விமானத்தில் இருக்கும்போது மற்ற எல்லாவற்றையும் பார்ப்பது அவர் வேலை.

விமானம் எழுந்தது. முதலில் ஒரு வட்டம், பின் குப்புறக் கவிழ்ந்து ஒரு வட்டம். கோ தூ, "அய்யோ, தலகீழா!" என்றார். ராமசாமி ஐயாவின் கை அவிழ்ந்தது. கூடத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கினேன். அது நின்றது. இந்த நாட்டில் முதல் தடவையாக, ஒரு மாம்பழத்தின் எடை, காற்றில், சும்மா நின்றது.

அப்போது தெருவிலிருந்து கூச்சல் எழுந்தது. "மீ லா பி!" மின்சாரம் வந்துவிட்டது. முறை மாறி வந்தால் தெருவே கத்தும். எந்த வீட்டிலும் சுவிட்சை அணைத்து வைப்பதில்லை. வரும்போது தெரிய வேண்டும் என்று போட்டபடியே விடுவார்கள். மண்டபத்திலும் அப்படித்தான். பத்திரிகையில் இருந்தவள், தேதி, நேரம், முறை எல்லாம் சரிபார்த்தேன். சுவிட்சைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு விசிறிகளும் மெல்லச் சுழலத் தொடங்கின. விமானம் நடுங்கியது. பயத்தில் என் இடது கட்டைவிரல் குச்சியை மேலே தள்ளியது, வேகம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. வறண்ட குளத்தில் கற்றது அது. இங்கே அந்தக் குச்சி மூக்கைச் சாய்ப்பது. விமானம் என்னிடமிருந்து விலகி முன்னோக்கிச் சாய்ந்தது. அதன் முன்னால் இருந்தது, நான் திறந்து வைக்கச் சொன்ன வாசல்.

அது தானாக வெளியே போய்விட்டது என்று பின்னர் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. வலது கையைக் கீழே இழுத்திருந்தால் போதும், தரையில் விழுந்திருக்கும், மூக்கு மட்டும் உடைந்திருக்கும். அதற்கு நேரம் இருந்தது. நான் இழுக்கவில்லை.

"யலா?" என்று கத்தினேன்.

கோ தூ வாசலைப் பார்த்தார். ஆள் இல்லை. "யபி! யபி, அமா!"

வலது கை மேலே தள்ளியது. விமானம் விசிறிகளுக்கு அடியில் புகுந்து, வாசல் நிலையைத் தாண்டி வெயிலுக்குள் போனது. நான் பின்னால் ஓடினேன். கோயில் முற்றத்தில், வேப்பமரத்துக்கும் மதிலுக்கும் நடுவே, மதில் உயரத்துக்கு மேலே ஒரு வட்டம். ஐந்து நொடி இருக்கும். தெருவில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கூச்சல் நின்றது. அந்த அமைதியை நான் மறக்கமாட்டேன், அதற்குக் காரணம் நான். பிறகு எதிர்த் தேநீர்க்கடையில் ஒரு பெண் சிரித்தாள். அதன்பின் பலர் சிரித்தார்கள். ஒருவர் கை தட்டினார். படியருகே கொண்டுவந்து மூக்கைத் தூக்கி நிறுத்தினேன். கோ தூ எட்டி, அதன் முதுகைப் பிடித்தார். அது எதையும் தொடவில்லை, தரையைக்கூட.

ராமசாமி ஐயா எங்களைத் தாண்டி வாயிற்கதவுவரை நடந்தார். தெருவை இடமும் வலமும் பார்த்தார். அவர் முதுகு வியர்த்திருந்தது. என் துணிச்சலுக்கு வேறொருவரும் வியர்க்க வேண்டியிருக்கிறது என்று அப்போது உறைத்தது. திரும்பி வந்தபோது மன்னிப்புக் கேட்டேன், வெளியே போனதற்காக. பறந்ததற்காக அல்ல. அதையும் சொன்னேன்.

"வெவரமாத்தான் கேக்குற" என்றார். கோ தூவின் கையில் இருந்ததை முதல் தடவையாக வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதையும் தொடல. சொன்னா சொன்னதுதான். அடுத்த மாசம் வா. ஃபேன் சுவிட்ச நானே அணைக்கிறேன். கதவு சாத்தித்தான் இருக்கும்."

"ஜன்னலுங்க ஐயா?"

"ஜன்னலு தொறந்திருக்கட்டும்" என்றார். "நாங்களும் காத்து வாங்கணும்ல."

இதை எழுதும்போது விமானம் என் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஞாயிறு அதற்கு முறை. இன்னும் பயிற்சி செய்கிறேன். நிதானமாக இருக்கும்போது என் வலது கைக்கு எல்லாம் தெரிகிறது, அது இந்த ஊர்க் கை. பயம் வந்தால் இடது கை ஒரு நொடியில் கோவைக்கு ஓடி, இங்கே இடப்பக்கம் இல்லாத த்ராட்டிலை மேலே தள்ளுகிறது. இரண்டையும் நான் கழற்றி மாற்றப்போவதில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவே அது மூக்கை மேலே வைத்துக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் போகாமல், இரைந்துகொண்டு நிற்கும்.