அரைக் கட்டை

கப்பல் ஊதினால் சுலோஜனா ரீச்சர் பாட்டை நிறுத்திவிடுவார். வலது கையை உயர்த்துவார்; தாளம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் கைகளும் அந்தரத்தில் நிற்கும். உவர்மலைச் சரிவில் இருக்கும் அந்த வீட்டுக்கு உட்துறைமுகம் கூப்பிடு தூரம். கோதுமை கொண்டுவந்த கப்பலோ சீமெந்துக்கு வந்த கப்பலோ, ஊதி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்பார். பிறகு, "ரண்டரைக் கட்டை. ஆனா கொஞ்சம் இறங்கி நிக்குது. கப்டனுக்கு ஆரும் சொல்லுங்கோ" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நான் திரியாயிலிருந்து உயர்தரம் படிக்க வந்து அந்த வீட்டு முன்னறையில் தங்கி ஒன்பது வருடமாகிறது. பட்டம் எடுத்தேன், பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்தது, அறையை மாற்றவில்லை. முதல் வருடம் அவர் கப்பலுக்குச் சொல்லும் அளவை நம்பாமல் போனில் ஒரு செயலியை இறக்கி ஒளித்துவைத்துப் பார்த்தேன். பதினொரு தடவை பார்த்தேன். பதினொரு தடவையும் ரீச்சர் சொன்னதுதான் சரி.

கட்டை என்றால் என்னவென்று எனக்கும் அங்கேதான் தெரியவந்தது. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு ஒருவர் பாடுகிறாரோ, அதுதான் அவருடைய சுருதி. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என்று போகும்; இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரை. எண் கூடக்கூடக் குரல் மேலே நிற்கும். ரீச்சருக்கு ஐந்தரை. அவருடைய பெயரை மறந்தவர்கள்கூட "அந்த அஞ்சரைக் கட்டை ரீச்சர்" என்றால் வீட்டைக் காட்டுவார்கள்.

வகுப்பு நடப்பது கார் இல்லாத கார்க்கொட்டகையில். எவ்வளவு வெயிலானாலும் மின்விசிறி போடக்கூடாது. அதன் இரைச்சல் எந்தச் சுருதியிலும் சேராதாம். பிள்ளைகள் வியர்த்து ஒழுகுவார்கள். ரீச்சர் பிளாஸ்கில் இருந்து மல்லித்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுக் கதிரைக் கையில் தாளம் போடுவார். அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருக்கிறது. திட்டுவதற்கென்று சில வசனங்கள் வைத்திருக்கிறார். "ஸ்வரத்தைப் பிடிக்கச் சொன்னன் பிள்ளை, கழுத்தைப் பிடிக்கச் சொல்லேல்ல." "உது காம்போதி இல்லை, காய்ச்சல்." "பஸ் போகாது, ஆறுதலாப் பாடுங்கோ." ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்ட ஒரு தாயாருக்கு, "ஒவ்வொரு வருசமும் பிள்ளையளின்ர சோதினை வந்திடுது, என்ன செய்ய" என்று பதில் சொன்னதை நானே கேட்டேன்.

எதிர்வீட்டில் ரபீக்கா தையல் மெஷின் வைத்திருக்கிறார். ரீச்சரின் எல்லா மாணவரையும் குரலால் அறிவார், முகத்தால் அறியார். என் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "முந்தி ரீச்சர்ட சத்தம் என்ட மெஷினுக்கு மேலால கேக்கும். இப்ப மெஷின நிப்பாட்டினாத்தான் கேக்குது. ஆளுக்கு என்னவும் சுகமில்லையா மகள்?"

சுகமில்லை என்று ஒன்றுமில்லை. வயது அறுபத்தொன்று. குரல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்பே எனக்குச் சுவர் வழியாகத் தெரிந்திருந்தது. விடியற்காலையில் தனியாகச் சாதகம் செய்யும்போது ஒரு சுருதி, பிள்ளைகள் வந்தபிறகு வேறொன்று. காலையில் ஐந்து, சில நாட்களில் அதற்கும் கீழே. வகுப்பில் மட்டும் ஐந்தரை. மேல் ஸ்தாயி வரும் இடங்களில் ரீச்சர் கையை உயர்த்திப் பிள்ளைகளைப் பாட விடுவார். அவர்கள் அதைப் பயிற்சி என்று நினைத்தார்கள்.

ஏன் இறக்கிக்கொள்ளவில்லை? பாடுகிறவர்கள் வயதுக்கேற்பச் சுருதியை இறக்குவது ஊர் உலக வழக்கம் என்று பிறகு அறிந்தேன். ஆனால் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் வருடாவருடம் அவர் பாடுமுன் தர்மகர்த்தா குணரத்தினம் ஐயா ஒலிவாங்கியைப் பிடித்து ஒரே அறிமுகத்தைச் செய்வார்: "முப்பது வருசம்! ஷெல் விழுந்த காலத்திலயும் அஞ்சரை, இண்டைக்கும் அஞ்சரை!" சனம் கை தட்டும். கைதட்டல் முடியும்வரை ரீச்சர் மடியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

போன ஆவணியிலும் அப்படித்தான் கை தட்டினார்கள். அன்று மேடையில் மூன்று பேர். மட்டக்களப்பிலிருந்து வரவேண்டிய வயலின்காரர் கடைசி நேரத்தில் வரவில்லை. ரீச்சர் நடுவில்; வலது பக்கம் மிருதங்கத்தோடு கஜீபன்; பின்னால் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான். தம்புரா பிடிக்கும் மாணவி பல்கலைக்கழகம் போய்விட்டதால் அந்த வேலை எனக்கு வந்திருந்தது. சங்கீதம் தெரியத் தேவையில்லை. ஐந்தரையில் வைத்துவிட்டுத் திருகைத் தொடாமல் இருந்தால் போதும்.

கஜீபனுக்கு முப்பது வயது. பாலையூற்றிலிருந்து வருகிறவர். பகலில் மின்விசிறி, கிரைண்டர் திருத்தும் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் மிருதங்கம். ஒரு கிழமைக்கு முன்பே ரீச்சருக்குப் போன் எடுத்துக் கேட்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். "ரீச்சர், சுருதி?" ஒவ்வொரு மிருதங்கமும் ஒரு சுருதிக்கு உரியது, கொஞ்சம் ஏற்றலாம், கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவே. அவரிடம் இரண்டு இருந்தன, மேல் சுருதிக்குச் சின்னது, கீழ்ச் சுருதிக்குப் பெரியது. எதைக் கொண்டுவருவது என்று தெரிந்தாக வேண்டும். ரீச்சர், "வழமையானதுதான் தம்பி. அஞ்சரை" என்றார். கஜீபன் சின்னதைக் கொண்டுவந்தார்.

முதல் இரண்டு உருப்படிகள் நன்றாகப் போயின. மூன்றாவதில் மேலே போன இடத்தில் குரல் நூல் மாதிரி மெலிந்து அறுந்தது. ஒரு நொடிதான்; சபையில் பாதிப்பேர் கவனித்திருக்க மாட்டார்கள். பாட்டு முடிந்தது. ரீச்சர் பிளாஸ்கை எடுக்கிற சாக்கில் என் பக்கம் சரிந்து, "அரை இறக்குங்கோ" என்றார். நான் திருகினேன். அது மிருதங்கத்துக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

கைதட்டலில் கஜீபனுக்கு அது கேட்கவில்லை. அடுத்த பாட்டின் முதல் அடியிலேயே மிருதங்கம் தகரத்தில் தட்டினமாதிரிக் குரலோடு முட்டியது. முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. ரீச்சர் பாட்டை நிறுத்தினார். வலது பக்கம் திரும்பினார். ஒலிவாங்கி வாய்க்கு நேரே இருந்தது.

"தம்பி, சுருதியைக் கவனியுங்கோ."

கஜீபன் என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுருதி சேர்க்கும் கல்லை எடுத்து மிருதங்கத்தின் விளிம்பைக் கீழிருந்து தட்டித் தளர்த்தத் தொடங்கினார். சபை பார்த்துக்கொண்டிருக்க நாலு நிமிடம். யாரோ ஒருவர் கொட்டாவி விட, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கப்பலின் ஊதலில் நூலிழை பிசகைப் பிடிக்கிற காது ரீச்சருடையது. எது இறங்கியது, எது அப்படியே நின்றது என்று அந்த மேடையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை.

கோயிலின் பேஸ்புக் பக்கத்தில் எல்லாம் நேரலையாகப் போயிருந்தது. ரீச்சரின் அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டி யாரோ தனியாகப் போட்டார்கள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "ஃபேனைத் திருத்தலாம், மிருதங்கத்தைத் திருத்த ஏலாது போல." இரண்டு கிழமையில் கஜீபனுக்கு ஒரு போன் வந்தது. மார்கழியில் நடக்கவிருந்த ஒரு நடன அரங்கேற்றத்துக்கு அவரைப் பேசியிருந்தார்கள். நகரில் முழு அரங்கேற்றம் ஒன்றுக்கு வாசிக்க அவருக்குக் கிடைத்த முதல் அழைப்பு. பிள்ளையின் தாய் மரியாதையாகத்தான் சொன்னாராம், வேறு ஆளை ஒழுங்குபண்ணிவிட்டோம் என்று.

அவர் வேலை செய்யும் கடைக்கு நான் போனேன். வெளியே வந்து நின்று கதைத்தார், கையெல்லாம் கிரீஸ்.

"நான்தான் திருகினனான் அண்ணா."

"தெரியும்."

"ஏன் அந்த இடத்திலயே சொல்லேல்ல?"

"மேடையில பாடுறவை சொன்னாச் சொன்னதுதான் தங்கச்சி. பக்கவாத்தியம் வாய் திறக்கிறேல்ல." கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ரீச்சர் சொல்லுவா. பாப்பம்."

நான் சொல்லியிருக்கலாம். கச்சேரிக்கு மறுநாள் கோயில் வாசலில் குணரத்தினம் ஐயா என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "நீங்கள் பின்னால இருந்தனீங்கள்தானே பிள்ளை, என்ன நடந்தது?" "எனக்குச் சங்கீதம் தெரியாது ஐயா" என்றேன். உண்மைதான். கேள்விக்கு அது பதிலில்லை என்பதும் எனக்குத் தெரியும். ரீச்சர் வீட்டில் தங்கிப் படித்து, எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் எடுத்தவள் என்று என் அப்பா வயல் வரம்பில் நின்று எல்லாருக்கும் சொல்வார். அறை போய்விடும் என்று பயந்தேனா, ரீச்சர்மேல் இருந்த மரியாதையா, இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்னும் என்னால் முடியவில்லை.

அரங்கேற்றம் கைவிட்டுப்போன செய்தியை ரீச்சரிடம் சொன்னேன். சுருதிப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம். கேள்விப்பட்டனான்." துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "நான் குணரத்தினத்தோட கதைக்கிறன்."

அந்த மாதத்தில் இதே வசனத்தை மூன்று முறை சொன்னார். ஒருமுறை எனக்கு முன்னாலேயே போன் எடுத்தார். கோயில் மதிலுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார், "வேற ஒண்டுமில்லை" என்றார், வைத்துவிட்டார்.

நவராத்திரிக் கச்சேரிக்கு நாள் கேட்க குணரத்தினம் ஐயா வீட்டுக்கு வந்தபோது, ரீச்சருக்கு அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

"மிருதங்கத்துக்கு ஆரைப் பிடிக்க ரீச்சர்? அந்தப் பொடியன் வேண்டாம் எண்டுதான் எல்லாரும் சொல்லீனம்."

"கஜீபனையே கூப்பிடுங்கோ."

"அவனையோ? சுருதி சேக்கத் தெரியாமல் வந்து நிண்டவன்."

ரீச்சரின் கை கதிரைக் கையில் இரண்டு மூன்று தரம் தட்டியது. நான் கதவோரத்தில் நின்றேன். சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இந்த முறை சரியாச் செய்வான்" என்றார்.

"உங்களுக்குப் பெரிய மனம்" என்றார் குணரத்தினம் ஐயா.

ரீச்சர் எழுந்து, ஐயா பாதி குடித்துக் கையில் வைத்திருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். ஐயா வெறும் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் வகுப்பு இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை மேல் ஸ்தாயியில் பிசகியது. மற்றப் பிள்ளைகள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஒருத்தரையும் திரும்பிப் பாக்காதேங்கோ!" என்று ரீச்சர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தையல் மெஷின் நின்றது. பிள்ளைகள் பயந்துபோனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், "பாடுற ஆளுக்கு அது நோகும்" என்றார்.

அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன கிழமை சொன்னேன். எல்லாவற்றையுமா என்று கேட்கவில்லை. "என்னத்தையும் எழுதுங்கோ. சுருதியைப் பிழையா எழுதிப்போடாதேங்கோ" என்றார். ஆகவே எழுதுகிறேன்: அன்று இறங்கியது பெட்டி, மிருதங்கம் சரியாக இருந்தது. இதை ரீச்சர் தன் வாயால், ஓர் ஒலிவாங்கிக்கு முன்னால் சொல்லவேண்டும். ஒரே ஒரு வசனம். கஜீபனுக்கு அது இன்றுவரை கிடைக்கவில்லை.

நவராத்திரி ஆறாம் நாள், பின்னேரம் ஆறு மணி. கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில் நாங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். கஜீபன் இரண்டு தோள்களிலும் இரண்டு உறைகளோடு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். இரண்டையும் சுவரோரம் வைத்தார். குணரத்தினம் ஐயா ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ரீச்சர், சுருதி?" என்றார் கஜீபன். போனில் கேட்ட அதே குரல்.

"இதையும் கேக்கவேணுமே தம்பி?" ஐயா சிரித்தார். "ஊருக்கே தெரியும்."

"வழமையானதுதான்" என்றார் ரீச்சர், ஐயாவைப் பார்த்து.

ஆனால் அவருடைய இடது கை சேலைத் தலைப்பின் மறைவில், கஜீபன் இருந்த பக்கம், கீழே நீண்டிருந்தது. நாலு விரல்கள் நேராக. பெருவிரல் பாதி மடங்கி. நாலரை.

கஜீபன் அதைப் பார்த்தார். சின்ன மிருதங்கத்தைச் சுவரோடு தள்ளிவைத்துவிட்டு, பெரியதன் உறையை இழுத்துத் திறக்கத் தொடங்கினார். சிப் இடையில் சிக்கியது. அவர் அதைப் பொறுமையாக எடுத்துவிட்டுத் திறந்து முடிக்கும்வரை ரீச்சர் அந்தக் கையை மடக்கவில்லை.